பழைய பஞ்சாங்கமும் 91ஆம் இலக்கக் குதமும்

சீனன்குடாவில் பிறந்தவர்களுக்கு ஊரின் வரலாறு பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து கிடைப்பதில்லை. இரவு உணவு முடிந்தபின் முற்றத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கையில், வீட்டிலுள்ள முதியவர் வாயிலிருந்து கிடைக்கும். எனக்கும் அவ்வாறே கிடைத்தது. 1942ஆம் ஆண்டு யப்பான்காரன் வந்து குண்டு போட்ட கதை, எண்ணெய்க் குதம் ஏழு நாள் விடாமல் எரிந்த கதை, அந்தத் தீயில் அகப்பட்டுத் தன் தம்பி மாண்டுபோன கதை என்று அப்பப்பா சொன்னவற்றைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். குதத்தில் கூலி வேலை செய்த அந்தச் சின்னவருக்கு அப்போது 19 வயது. ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் அவருக்குத் திவசம் கொடுப்பார்கள். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இரண்டாம் உலகப்போர் என்பது அந்த ஒரு வாழையிலைப் படையல்தான்.

இந்தக் கதையில் எது மெய், எது பொய் என்று அறிய எனக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. அறிந்ததை எழுத இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டேன். பத்திரிகைக்காரன் ஒருவன் இதைச் சொல்லிக்கொள்வது பெருமைக்குரியதன்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். நான் அச்சில் பரப்பிய பிழை ஒன்று இன்றும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

அஞ்சலட்டை

1992ஆம் ஆண்டு ஏப்ரலில், யப்பானியத் தாக்குதலின் ஐம்பதாவது ஆண்டு நிறைவையொட்டி ஒரு கட்டுரை எழுதினேன். பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்று வெளியேறிச் சில காலமே ஆகியிருந்தது. ஊர்க்கதை கையில் இருந்தது. எழுத்தார்வம் அதைவிட மிகுதியாக இருந்தது. 1942 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு அன்று காலை, கமிக்காசே தற்கொலைப் படையைச் சேர்ந்த யப்பானிய விமானி ஒருவன் திட்டமிட்டுத் தன் விமானத்தை 91ஆம் இலக்கக் குதத்தின் மீது மோதினான் என்றும், அத்தீயில் மாண்டவர்களுள் என் பாட்டனாரின் தம்பியும் ஒருவர் என்றும் எழுதினேன். கட்டுரை பாராட்டுப் பெற்றது. தொலைபேசியில் பலர் அழைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. சிறிய, சீரான கையெழுத்து. கொழும்பில் வாழ்ந்துவந்த, ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டுமில்லை, கண்டனமுமில்லை. 1942 ஏப்ரல் 9 வியாழக்கிழமை என்பதையும், உயிர்த்த ஞாயிறு அவ்வாண்டில் ஏப்ரல் 5ஆம் திகதி வந்தது, அன்று தாக்கப்பட்டது கொழும்பு என்பதையும் குறிப்பிட்டுவிட்டு, கமிக்காசே என்ற சொல்லை எந்த ஆவணத்திலிருந்து எடுத்தேன் என்று அறிய விரும்புவதாக முடித்திருந்தார்.

நான் எந்த ஆவணத்திலிருந்தும் எடுக்கவில்லை. யாரோ சொன்னார்கள், எழுதினேன். கோபம் வந்தது. கோபம் தணிந்தபின் வெட்கம் வந்தது. அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்கோ தம்பி. கட்டுரை நல்ல தமிழ். தகவல்தான் கொஞ்சம் நொண்டுது" என்றபடி நாற்காலியைக் காட்டினார்.

ஒரு சொல்லின் வயது

அன்று அவர் எனக்குக் கற்பித்தவற்றுள் முதலாவது, சொல்லுக்கும் வயது உண்டு என்பது. யப்பானியர் தற்கொலைத் தாக்குதலுக்கென்றே தனிப்படை அமைத்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்சின் லெய்ட்டே வளைகுடாச் சமரின்போது. வைஸ் அட்மிரல் ஒனிஷி தக்கிஜிரோ அதை அமைத்தார். கமிக்காசே என்ற பெயர் உலகின் செவிக்கு எட்டியது அதன் பிறகே. திருகோணமலை தாக்கப்பட்டது அதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பு. 1942இல் பிறவாத படையில் ஒரு விமானியை நான் சேர்த்துவிட்டிருந்தேன்.

"அப்படியென்றால் விமானம் குதத்தில் விழுந்ததே பொய்யா, ஐயா?" என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்லேல்லையே. ஒரு கேள்வியை மூன்றாகப் பிரியுங்கோ. குதம் எரிந்ததா? விமானம் விழுந்ததாலே எரிந்ததா? விழுத்தினவன் வேண்டுமென்றே விழுத்தினானா? மூன்றுக்கும் மூன்று சாட்சி வேணும்" என்றார்.

எத்தனையோ ஆசிரியர்களிடம் பணியாற்றியிருக்கிறேன். கேள்வியைப் பிரிப்பதை இவ்வளவு எளிமையாக வேறெவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முதற் கேள்விக்கு உருகிச் சுருண்ட இரும்பே சாட்சி. இரண்டாவதற்கு அன்று அங்கு நின்றவர்களின் கூற்றும், இரு தரப்புப் படைக் குறிப்புகளும் வேண்டும். மூன்றாவது கேள்வி இறந்த மனிதனின் உள்ளத்தைப் பற்றியது. 1941 டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகத் தாக்குதலின்போது, எரிபொருள் தாங்கியில் அடிபட்ட இய்டா ஃபுசாட்டா என்ற யப்பானிய விமானி, திரும்பிச் செல்ல வழியில்லை என்று கண்டு தன் விமானத்தைக் கீழே உள்ள இலக்கை நோக்கித் திருப்பினார். படை அனுப்பிச் சாவது வேறு. அடிபட்டவன் கடைசி நொடியில் முடிவெடுப்பது வேறு. கட்டுப்பாடிழந்த விமானம் விழுமிடத்தில் விழுவது வேறு. கீழேயிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

விமானத்தில் இருந்தவர்கள் என்று மூவரின் பெயர்கள் சொல்லப்படுவது வழக்கம். அன்று வந்த நகாஜிமா வகைக் குண்டுவீச்சு விமானத்தில் மூவர் அமர்ந்து பறப்பது உண்மை. "பொருந்துது எல்லோ?" என்றேன். "பொருந்துறது வேற, நிரூபணம் வேற. திறப்பு பூட்டுக்குள்ளே போகலாம், திருகினால்தான் தெரியும்" என்றார் அவர்.

அன்று நடந்தது

அவர் காட்டிய வழியில் தேடி, ஆண்டுக்கணக்கில் நான் சேர்த்தவற்றின் சுருக்கம் இது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோவின் தலைமையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட யப்பானியக் கடற்படைப் பிரிவு 1942 ஏப்ரல் தொடக்கத்தில் இந்து சமுத்திரத்தில் நுழைந்தது. கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 4ஆம் திகதி தமது கட்டலீனா விமானத்திலிருந்து அதைக் கண்டு செய்தி அனுப்பினார்; உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஞாயிறு கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி வியாழன் காலை, நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலை மீது வந்தன. சீனன்குடா ஓடுபாதையிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பற்றியது. அதன் உடல் பின்னர் துறைமுகத்திலேயே அமிழ்த்தப்பட்டு, 2018இல்தான் இலங்கைக் கடற்படையால் வெளியே எடுக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்து முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இருந்தவர்களில் 300க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றை எங்கே தேடுவது? அன்றைய பத்திரிகைகளில் தேடலாம் என்றுதான் நான் முதலில் எண்ணினேன். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கிவிட்டன. ஆனால் போர்க்காலத் தணிக்கை இருந்தது. அன்றைய பத்திரிகை அன்றைய உண்மையைச் சொல்லும் என்று நம்பியிருந்த எனக்கு, தணிக்கைக் காலப் பத்திரிகை அரசாங்கம் மக்கள் அறியட்டும் என்று விட்டதைத்தான் சொல்லும் என்பதை அந்த நூலகரே உணர்த்தினார். ஒரு மூலம் எவ்வளவு பழையது என்று பார்த்தால் மட்டும் போதாது. அது எந்த நிலையில் எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

பிரித்தானிய விமான அணிகளின் நாளேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யப்பானியர் தரப்பை அறிய, அந்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வகம் 1966 முதல் 1980 வரை வெளியிட்ட 102 தொகுதிகள் கொண்ட போர் வரலாற்று வரிசை உள்ளது. வங்காள விரிகுடா நடவடிக்கைகளை உள்ளடக்கிய அதன் 26ஆம் தொகுதி 2018இல் ஆங்கிலத்தில் வந்தது. 2001இல் தொடங்கப்பட்ட யப்பானிய மின்னாவண நிலையத்தில், அந்நாட்டின் பழைய இராணுவ, கடற்படை ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1992இல் வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்த எனக்கு இவை எட்டாக்கனி. இன்று திருகோணமலை மாணவன் ஒருவனின் கைப்பேசிக்கு எட்டுகின்றன. எட்டினாலும், இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

101ஆ, 99ஆ?

இன்னோர் எடுத்துக்காட்டும் சீனன்குடாவிலிருந்தே தருகிறேன். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் எத்தனை? எங்கள் பத்திரிகைகளைப் புரட்டினால் ஓரிடத்தில் 99 என்றிருக்கும், இன்னோரிடத்தில் 101 என்றிருக்கும், வேறோரிடத்தில் 102 என்றும் கண்டிருக்கிறேன். செய்தி ஆசிரியராக இருந்தபோது ஒரே நாளிதழின் முதற் பக்கத்தில் ஒரு தொகையும் ஆசிரியத் தலையங்கத்தில் வேறொரு தொகையும் வந்த கொடுமையையும் பார்த்தேன்.

எண்கள் மோதும்போது எது சரி என்று கேட்பதற்கு முன், ஒவ்வோர் எண்ணும் எந்தக் கேள்விக்கான விடை என்று கேட்க வேண்டும். கட்டப்பட்டவை எத்தனை என்பது ஒரு கேள்வி. இன்று நிற்பவை எத்தனை என்பது வேறொரு கேள்வி. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கைமாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்ற வாசகம் இடம்பெற்றது. 2003இல் லங்கா ஐஓசி நிறுவனம் இங்கு கால் வைத்தது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தப்படி, கூட்டு நிறுவனத்துக்கு 61, லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 என்று குதங்கள் பிரிக்கப்பட்டன. கூட்டிப் பாருங்கள், 99 வரும். இது கைமாறிய குதங்களின் தொகை. கட்டப்பட்ட காலத்தைப் பற்றி எழுதுபவர் இதைத் தூக்கி 1930களில் வைத்தால் பிழை. இன்றைய ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுபவர் 101 என்று எழுதினாலும் பிழை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் இக்குதங்களுக்காக நாடுகள் பேரம் பேசுகின்றன. தன் ஊரில் எத்தனை குதங்கள் உள்ளன என்று ஊரவன் சரியாகச் சொல்ல முடியாமலிருந்தால், பேரத்தில் அவன் குரலை யார் மதிப்பார்?

எரிந்தவையும் எரியாதவையும்

நூலகத்தைப் பற்றிப் பேசும் ஈழத்தமிழன் எவனும் 1981ஆம் ஆண்டைத் தொடாமல் போக முடியாது. மே 31ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவை 97,000 நூல்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் தொகை. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி, நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெற்று, 1959இல் பெருங்கட்டடமாகத் திறக்கப்பட்டு, ஓரிரவில் சாம்பலானது. அந்தக் கொடுமையை எந்தச் சொல்லாலும் குறைத்துக் கூற எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தத் துயரத்தைப் பற்றியும் பிழையான தகவல் உலவுகிறது. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அங்கே எரிந்தது, அந்நூலே அழிந்துபோயிற்று என்பது போல எழுதுவார்கள். மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூல் அச்சில் வந்தது. 1879ஆம் ஆண்டிலேயே பிரிட்டோ என்பார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இன்றும் படிக்கலாம். அழியாத நூலை அழிந்தது என்று நாமே சொன்னால், உண்மையில் அழிந்த ஏட்டுச் சுவடிகளைப் பற்றி நாம் சொல்வதையும் உலகம் ஐயத்துடன் பார்க்கும். இழப்பு பெரிதாக இருக்குமிடத்தில் கணக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் நூலகர்களே. பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த இயன் குணத்திலக்க, இலங்கை குறித்த நூல்களையும் கட்டுரைகளையும் ஐந்து தொகுதிகளாகப் பட்டியலிட்டார். முதல் தொகுதி 1970இல் வந்தது. ஈழத்தமிழர் நூல்களுக்கு, புலம்பெயர்ந்து பிரித்தானியாவில் வாழும் நூலகர் என். செல்வராஜா தொகுப்புக்கு ஆயிரம் நூல்களாக 'நூல்தேட்டம்' என்ற வரிசையை வெளியிட்டு வருகிறார். 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி அனைவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பட்டியல் என்பது உலர்ந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் என்ன தொலைந்தது என்று தெரியும்.

சுபானு வருடம், எந்தச் சுபானு?

இனி என் குடும்பக் கதைக்கு வருகிறேன். அந்த முதல் சந்திப்பில் விடைபெறும்போது நூலகர் ஐயா கேட்ட கடைசிக் கேள்வி என்னைப் பின்தொடர்ந்தபடியே இருந்தது. "உங்கட சின்னப் பாட்டன் அந்தத் தீயிலே இறந்தார் என்று எழுதியிருக்கிறீங்கள். இறப்புப் பதிவைப் பார்த்தீங்களோ?"

பார்க்கவில்லை. யுத்த காலத்தில் அதைத் தேடும் மனமும் வழியும் இருக்கவில்லை. 2003இல், போர்நிறுத்தம் நிலவிய வேளையில், திருகோணமலைக் கச்சேரிக்குச் சென்று 1942ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேட விண்ணப்பித்தேன். பெயர் இல்லை. தீயில் மாண்ட கூலிக்காரனுக்கு யார் பதிவு எழுதியிருக்கப் போகிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, நூலகர் ஐயாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. "நீங்கள் 1942இலே இறந்தார் என்று முடிவு செய்துகொண்டு 1942ஐத் தேடினீங்கள். குண்டு விழுந்த பிறகு சனம் எந்தப் பக்கம் ஓடினது? அந்தப் பக்கம் தேடுங்கோ. பின்னுக்குள்ள வருசங்களையும் பாருங்கோ" என்றார்.

குண்டுவீச்சுக்குப் பின் தொழிலாளர்கள் ஊரை விட்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். அனுராதபுரத்தில் கிடைத்தது பதிவு. அதே பெயர், அதே தகப்பன் பெயர், பிறந்த இடம் திருகோணமலை. இறந்தது 1943 அக்டோபர் 20. காரணம் காய்ச்சல். தீ அல்ல; யப்பான்காரனும் அல்ல. குண்டுக்குத் தப்பி ஓடி, ஒன்றரை ஆண்டு எங்கோ உழைத்து, வயிற்றைக் கழுவி, தெரிந்தவர் எவருமில்லாத ஊரில் நுளம்புக் காய்ச்சலோ வேறு காய்ச்சலோ கண்டு இறந்திருக்கிறார்.

அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "உதை நீ தேடாமலே விட்டிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. தம்பி ஓடிப்போனான் என்று சொல்ல அப்பப்பாவுக்கு மனம் வரவில்லையா, அல்லது அவரே அப்படித்தான் நம்பினாரா என்று கேட்பதற்கு அப்பப்பா உயிரோடு இல்லை. தீயில் மாண்ட வீரன் ஒருவனை எங்கள் வீட்டிலிருந்து நான் எடுத்துப் போய்விட்டேன் என்ற குற்ற உணர்வு என்னை வாட்டியது. நம்பகமான தகவல் நன்மையே தரும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இரு மாதங்கள் கழித்து அப்பா தொலைபேசியில் அழைத்தார். "அந்தத் திகதிக்கு என்ன திதி என்று பார்க்க ஏலுமோ?" என்று கேட்டார். அறுபது ஆண்டுகளாகப் பிழையான நாளில் பிண்டம் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் அவரை உறங்க விடவில்லை. ஐயரிடம் கேட்டாராம், அந்த வருடத்துப் பஞ்சாங்கம் வேண்டும் என்றாராம்.

பயனற்றுப் போனதைப் 'பழைய பஞ்சாங்கம்' என்று ஏளனமாகச் சொல்வது நம் வழக்கு. அறுபது ஆண்டுப் பழைய பஞ்சாங்கத்தை யார் வைத்திருப்பார்? இலங்கையில் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அச்சிடப்படும் நூல்களின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். 1877இல் நிறுவப்பட்ட கொழும்பு நூதனசாலை நூலகமும் அவ்வாறு பெற்று வந்தது. ஆகவே யாரும் மதிக்காத சிறு வெளியீடும் எங்கோ ஓர் அடுக்கில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு கொழும்பில் நூலகம் நூலகமாக ஏறினேன். ஓரிடத்தில் 1943இன் ஆண்டுப் பெயரான சுபானு என்று எழுதிக் கொடுத்தேன். உதவியாளர் உள்ளே சென்று பளபளவென்று புதிய பஞ்சாங்கம் ஒன்றைக் கொணர்ந்தார். 2003ஆம் ஆண்டும் சுபானுவேதான்! அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதை நான் மறந்தே போனேன்.

பக்கத்து மேசையிலிருந்த இளம் நூலகர் எழுந்து வந்தார். "எந்தச் சுபானு ஐயா? இதுவா, இதற்கு முந்தினதா, இல்லை 1883ஆ?" என்று கேட்டார். கேள்வியைப் பிரித்துக் கேட்கும் அதே பழக்கம்! அட்டைப் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றில் ஒரு மணி நேரம் தேடி, விளிம்பு அரிக்கப்பட்ட, யாழ்ப்பாணத்தில் அச்சான வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்துத் தந்தார். ஐப்பசி மாதம், அபரபட்சம். திதியைக் குறித்துக்கொண்டேன். அப்பா காலமாகும்வரை அந்தத் திதியில்தான் திவசம் நடந்தது. இன்று நான் செய்கிறேன்.

என் பிழை எங்கே போயிற்று?

என் 1992ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு நான் திருத்தம் எழுதவில்லை. பத்திரிகையிடம் கேட்கவுமில்லை. அது என் குற்றம். அதன் பலனைப் பின்னர் கண்டேன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரில் என் கட்டுரையின் வரிகள் பெயரின்றி வந்தன. அந்த மலரை ஆதாரமாகக் காட்டி ஓர் இணையத்தளம் எழுதியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் ஒப்படைக்காக என்னைச் சந்தித்து, உயிர்த்த ஞாயிறும் கமிக்காசேயும் தீயில் மாண்ட 19 வயது இளைஞனும் கலந்த என் கதையையே என்னிடம் திருப்பிச் சொன்னாள். "மூன்று இடத்திலே போட்டிருக்கு ஐயா" என்றாள். மூன்று இடமும் நான்தான்! ஒரே ஊற்றிலிருந்து மூன்று குடம் மொண்டுவிட்டு மூன்று கிணறு என்று எண்ணும் மயக்கம் இது. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் தடங்கலில்லாத நடையில் விடை வருகிறது. அந்த விடை எந்தக் கிணற்று நீர் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லாவிடில் ஆபத்து மிகுதி.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எப்படித் தீர விசாரிப்பது என்பதைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லித் தருவதற்கென்றே சம்பளம் பெறும் ஒருவர் உங்கள் ஊர் நூலகத்தில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் நாம் கேட்பதெல்லாம் பத்திரிகை வந்துவிட்டதா, மின்விசிறியைப் போடலாமா என்பவையே. வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தார். என் விஷயத்தில் நேரம் மட்டும் காக்கப்படவில்லை. ஒரு மனிதனின் இறந்த நாளும் காக்கப்பட்டது.

அந்த முதிய நூலகர் இன்று இல்லை. அவருக்கு நான் தரவேண்டிய திருத்தத்தை இங்கே தருகிறேன். திருகோணமலை தாக்கப்பட்ட 1942 ஏப்ரல் 9 ஒரு வியாழக்கிழமை. அந்நாளில் கமிக்காசே என்ற படை இல்லை. என் பாட்டனாரின் தம்பி அத்தீயில் இறக்கவில்லை. 1992இல் நான் எழுதியதை எங்கேனும் எடுத்தாண்டவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னுமொன்று. சீனன்குடாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் குதத்திலோ கடற்படைத் தளத்திலோ வேலை செய்த முதியவரின் அடையாள அட்டை, சம்பளத் துண்டு, பழைய கடிதம் ஏதாவது இருந்தால், கறையானுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நூலகரிடம் காட்டுங்கள். பழைய பஞ்சாங்கமாயினும் பரவாயில்லை.